வராத ஆளுக்கும் ஒரு தட்டு

பெற்றவன் கொடுக்காத ஜீவனாம்சத்தைக் குழந்தைக்கு வசூலித்துத் தருவது அரசாங்கத்தின் வேலையா, தனியார் கம்பெனியின் வேலையா என்று ஒரு நீண்ட ஆங்கிலக் கட்டுரையை அண்மையில் முடிவெட்டும் கடையில் படித்தேன். எழுதியவர் இரண்டு பக்கமும் நிறைய யோசித்திருந்தார். என்ன முடிவுக்கு வந்தார் என்று தெரியவில்லை. அதற்குள் என் முறை வந்துவிட்டது. ஆனால் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தபோது எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது. அந்த இரண்டு வழிகளிலும் நான் நடந்து பார்த்திருக்கிறேன். மூன்றாவதாக ஒரு வழியைத் தலைமை தாங்கி நடத்தியும் இருக்கிறேன். தலைமை என்றால், துபாய் கராமாவில் ஆறு பேர் தங்கியிருந்த அறையின் மெஸ் செக்ரட்டரி.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. மெட்ரோ இன்னும் வரவில்லை. நான் ஒரு கட்டுமானச் சாமான் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அறையில் படித்தவன் என்று பெயர் வாங்கியிருந்தேன். கட்டிலுக்கடியில் இரண்டு பெட்டி நிறையப் புத்தகங்கள் இருந்ததுதான் காரணம். அவற்றில் தடித்தவை நான்கைத் தேர்ந்தெடுத்து ரைஸ் குக்கருக்கு மேடை போட்டிருந்தார்கள். என் வாசிப்பால் அந்த அறைக்குக் கிடைத்த நேரடிப் பயன் அதுவரை அவ்வளவுதான்.

மெஸ் என்பது வேறொன்றுமில்லை. ஆறு பேரும் முறை வைத்துச் சமைப்போம், மாதச் செலவை ஆறாக வகுப்போம். ஒரு பங்குக்கு எங்கள் அறையில் 'ஒரு தட்டு' என்று பெயர். வெள்ளிக்கிழமை மீன் குழம்பு. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, சாப்பாட்டுக்கு முன்னால், கூட்டம். சாப்பாட்டுக்குப் பின்னால் வைத்தால் எல்லோரும் தூங்கிவிடுவார்கள்.

அந்தக் கூட்டங்களில் சட்டம் பேசுவதில் ஓர் ஆளை யாரும் ஜெயிக்க முடியாது. கன்னியாகுமரிக் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த ஏசி மெக்கானிக். என் கட்டிலுக்கு மேல் கட்டில். முப்பத்தைந்து வயதிருக்கும். முதல் தேதியன்று சம்பளம் வந்ததும் மெஸ் பணத்தை என் தலையணையில் வைத்துவிட்டுத்தான் குளிக்கப் போவான். கடன் வாங்கமாட்டான், கொடுக்கமாட்டான், அடுத்தவன் சோப்பைத் தொடமாட்டான். விருந்தாளித் தட்டுச் சட்டம் அவன் கொண்டுவந்ததுதான். அந்தச் சட்டத்துக்குக் காரணமாக இருந்த பெருமை என் குடும்பத்துக்கு உண்டு. விசிட் விசாவில் வேலை தேடி வந்த என் மச்சினன் எங்கள் அறையில் தங்கி, வேலையைத் தேடியதைவிட மீன் துண்டைத் தேடியது அதிகம். மெக்கானிக் எழுந்து நின்று சொன்னான்:

"யாருக்க ஆளோ அவருதான் தட்டுக்குப் பொறுப்பு. யாரும் ஆள ஒளிச்சு வச்சு சோறு போடக் கூடாது. தெரிஞ்சவன் யாரு வேணும்னாலும் கூட்டத்துல பேரச் சொல்லலாம்."

மச்சினன் நடுவில் சில நாள் அபுதாபிக்கு இன்டர்வியூ என்று போய்விட்டான். அந்த நாட்களைக் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். கணக்கு எழுதுகிறவன் கேட்காமல் இருப்பானா?

"ஒரு தடவ பேரச் சொன்னா தட்டு தட்டுதான் அண்ணாச்சி. ஆளு வந்தாலும் சரி, வராட்டாலும் சரி. மீன் வாங்கியாச்சு. அவரு அபுதாபி போனது மீனுக்குத் தெரியுமா?"

எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். இந்தச் சட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அவன் வைத்துக்கொண்டிருந்தான்.

மார்ச் மாதம் ஒரு மாலையில் அறையின் தொலைபேசி அடித்தது. பொது லைன். யாருக்கு வந்தாலும் செக்ரட்டரி எடுக்கவேண்டும் என்பதும் ஒரு சட்டம்.

"அண்ணே, நான் நாகர்கோவில் பக்கத்துலேர்ந்து பேசுகேன். ஏசி மெக்கானிக்குக்க வீட்டுக்காரி."

அவன் டியூட்டியில் இருப்பதாகச் சொன்னேன்.

"தெரியும்ண்ணே. அதனாலதான் இந்நேரம் அடிச்சேன். அவியட்ட பேசினா போன வச்சிருவாவ. லீவுல வந்த ஒரு அண்ணன் நம்பர் தந்துட்டு, செக்ரட்டரிட்ட பேசுங்க, படிச்சவருன்னு சொன்னாவ."

இப்படித்தான் மனிதன் மாட்டிக்கொள்கிறான். அவனுக்கு மனைவியோடு பிரிவு என்பது அறையில் எல்லோருக்கும் தெரியும். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை. அந்தப் பெண் சொன்னதிலிருந்துதான் மீதி தெரிந்தது. ஒன்பது வயதில் ஒரு மகள். மகளுக்கு மாதாமாதம் பணம் கொடுக்கவேண்டும் என்று ஊரில் கோர்ட் உத்தரவு போட்டிருந்தது. உத்தரவு வந்தது, பணம் வரவில்லை. அவள் தையல் கடையில் வேலை செய்தாள். அந்தச் சம்பளத்தில் வாடகையோடு மாதம் முடிந்துவிடும்.

"குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக ஏஜெண்டுட்ட சொல்லியிருக்கேன். பாஸ்போர்ட்டுக்கு போட்டோ எடுத்தாச்சு. பிள்ளைய சிஸ்டர்மார் நடத்துற ஹோம்ல விடணும். ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கும். அதுக்குள்ள ஒரு வழி பொறந்தா நான் போகண்டாம்ண்ணே. எனக்க பிள்ள எனக்க கூட இருக்கும்."

அழவில்லை. தைக்கக் கொடுத்த சட்டை எப்போது கிடைக்கும் என்று விசாரிக்கிற குரலில் கேட்டாள். அதுதான் என்னை என்னவோ செய்தது. "பார்க்கிறேம்மா" என்றேன். அரசாங்கத்தில் இருப்பவர்கள் சொல்கிற அதே சொல்.

நான் சட்டத்தை மதிப்பவன். ஆகவே முதலில் அரசாங்க வழியில் போனேன். அவள் தபாலில் அனுப்பிய கோர்ட் உத்தரவின் நகலை எடுத்துக்கொண்டு, அரை நாள் லீவு போட்டுவிட்டு, வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்களின் குறையைக் கேட்கும் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எது என்று சொல்லமாட்டேன். என்னிடம் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். கவுன்டரில் இருந்தவர் தமிழர். உத்தரவை முழுக்கப் படித்தார். நானே முழுக்கப் படிக்கவில்லை.

"ரொம்ப நியாயமான கேஸ் சார். ஆள் எங்க இருக்கார்?"

"என் கட்டிலுக்கு மேல் கட்டில்ல."

"அது அட்ரஸ் இல்லையே சார்."

உண்மைதான். கராமாவில் எங்கள் கட்டடத்துக்குத் தபால் வராது. எல்லோருக்கும் கம்பெனியின் போஸ்ட் பாக்ஸ்தான். அறையோ வேறொருவர் பெயரில் இருந்தது. சட்டப்படி பார்த்தால் நாங்கள் ஆறு பேரும் அங்கே வசிக்கவே இல்லை. நானே அங்கே வசிக்காதவன் என்னும்போது எனக்கு மேலே வசிப்பவனைப் பற்றி நான் எப்படிச் சாட்சி சொல்வது?

"ஊர்லேர்ந்து முறையா கேட்டு எழுதணும் சார். அங்கேர்ந்து டெல்லி, டெல்லியிலேர்ந்து இங்க. வந்ததும் நாங்க அவரோட கம்பெனி பாக்ஸுக்கு லெட்டர் போடுவோம்."

"ஜூனுக்குள்ள ஆகுமா?"

அவர் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். எந்த வருஷ ஜூன் என்று கேட்கவில்லை. பண்பானவர்.

அடுத்தது தனியார் வழி. கராமாவில் ஒரு டைப்பிங் சென்டரின் பின்னறையில் ஒருவர் இருந்தார். வராத சம்பளம், திரும்பாத கடன், ஏமாற்றிய பங்காளி, எதுவானாலும் வசூலித்துத் தருவதாகப் பேச்சு. மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்தார். உத்தரவைப் படிக்கவே இல்லை.

"வர்றதுல மூணுல ஒரு பங்கு நம்மளுது, தலைவா. மீதி குழந்தைக்கு. கவர்மென்ட் மாதிரி இழுக்க மாட்டோம். நேரா ஆளப் போய்ப் பார்ப்போம். எங்க இருக்காரு?"

"என் கட்டிலுக்கு மேல் கட்டில்ல."

"சூப்பர். வெள்ளிக்கிழமை வரேன்."

இதுதான் தனியார் துறையின் சுறுசுறுப்பு என்று மெய்சிலிர்த்தேன். ஒன்பது வயதுக் குழந்தையின் சாப்பாட்டில் மூன்றில் ஒரு பங்கை இவர் சாப்பிடுவாரே என்று உறுத்தியது. இருந்தாலும் மூன்றில் இரண்டு பங்கு, பூஜ்யத்தைவிடப் பெரியது. கணக்குக்காரன் மனசு.

சொன்னபடி வெள்ளிக்கிழமை வந்தார். மிகச் சரியாக மீன் குழம்பு இறங்கும் நேரத்தில். மெக்கானிக்கோடு பேசுவதற்கு முன்னால் வயிற்றோடு பேசி முடித்தார். அடுத்த வெள்ளியும் வந்தார். அதற்கடுத்ததும். சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் மேல் கட்டிலில் உட்கார்ந்து குசுகுசுவென்று பேசுவார்கள். வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் பாத்திரம் கழுவினேன். அந்த மாதம் என் முறை.

உண்மையில் என்ன நடந்தது என்பதைப் புதுக்கோட்டைக்காரர் ஒருவர் மூலம் அறிந்தேன். பஸ் டிரைவர், அறையில் மூத்தவர். எதிர்க் கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்கிற திறமை உள்ளவர்.

"ஓய் செக்ரட்டரி, நீ கூட்டியாந்த ஆளு என்ன பேசுறான் தெரியுமா? 'எனக்குக் கொஞ்சம் குடுத்துருப்பா, ஆளு கெடைக்கலன்னு சொல்லிடுறேன்'ங்கிறான்."

"மெக்கானிக் தம்பி என்ன சொன்னான்?"

"அங்கதான் சங்கதி இருக்கு. 'ஒமக்குக் கொடுக்கதுக்கு எனக்க பிள்ளைக்கே கொடுத்துருவேன்லா'ன்னான். சொல்லிட்டு அவனே முழிச்சான். எலி கடிச்ச மாதிரி."

அன்றைக்கே மெக்கானிக்கிடம் நேராகப் பேசினேன். அவன் கோபப்படவில்லை. அதைவிட மோசமாக, விளக்கம் சொன்னான்.

"அண்ணாச்சி, நான் கொடுக்க மாட்டேன்னு எங்கயாவது சொன்னனா? முதல்ல அனுப்பிக்கிட்டுதான் இருந்தேன். அவளுக்க அண்ணன் வாங்கிக் குடிச்சான். அப்புறம் கோர்ட்டுல போய் என்னைய நிறுத்துனாவ. வக்கீல் என்னையப் பாத்து, இவன் சொந்தப் பிள்ளைக்குச் சோறு போடாதவன்னு சொன்னான். எல்லாரு முன்னாலயும். நானா? நான் யாருட்டயாவது பாக்கி வச்சதுண்டா?"

"இல்லை."

"அப்படிச் சொன்னவனுவளுக்கு முன்னால போய்க் கொடுத்தா, அவனுவ சொன்னது சரின்னு ஆயிரும்லா."

இதற்கான பதில் ரைஸ் குக்கரின் கீழே இருந்த நான்கு புத்தகங்களிலும் இருந்திருக்காது. ஏப்ரல் முடிந்துவிட்டது. அந்தப் பெண் இரண்டாவது முறை கூப்பிட்டாள். குவைத் ஏஜெண்ட் விசா வந்துவிடும் என்கிறானாம். நான் மறுபடியும் "பார்க்கிறேம்மா" என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

மே மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை. கூட்டம். அடுப்பில் மீன் குழம்புக்குப் பக்கத்தில் பிரஷர் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. மெக்கானிக் எழுந்தான்.

"போன மாசம் ஒரு ஆளு மூணு வெள்ளிக்கிழமை இங்க வந்து தின்னுட்டுப் போயிருக்காரு. தட்டு யாரு கணக்கு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"தம்பி, அவர் உன்னைப் பார்க்கத்தானே வந்தார்?"

"நானா கூப்பிட்டேன்? கூட்டிட்டு வந்தது நீங்க. யாருக்க ஆளோ அவருதான் பொறுப்பு."

"குடுத்துரு செக்ரட்டரி" என்றார் டிரைவர். "ஒன் வீட்டு ஆளுங்க எப்பவுமே நல்லாத் திம்பாங்க."

கொடுத்தேன். வேறு வழியில்லை, சட்டம். மச்சினனுக்குக் கொடுத்தாயிற்று, வசூல்காரருக்கும் கொடுத்தாயிற்று. இந்த உலகத்தில் மீன் தின்கிற அத்தனை பேரும் என் ஆள்தானா என்று பொருமிக்கொண்டே பணத்தைக் கீழே வைத்தேன். வைத்த கை அப்படியே நின்றது. என் வாழ்க்கையில் புத்தி வேலை செய்த தருணங்கள் குறைவு. வந்தால் அடையாளம் தெரியும்.

"சரி. இந்த மாசத்துக்கு ஒரு தட்டு சொல்றேன்" என்றேன். "ஏழாவது தட்டு."

"யாரு, மச்சினன் திரும்ப வாறானா?"

"என் ஆள் இல்லை தம்பி. உன் ஆள்."

"எனக்க ஆளா? எனக்கு யாரு இருக்கா இங்க?"

"உன் மகள்."

குக்கர் இன்னொரு விசில் அடித்தது. யாரும் எழுந்து போய் அணைக்கவில்லை.

"அது... அவ இங்க இல்லியே அண்ணாச்சி. நாகர்கோவில்ல கெடக்குற பிள்ள."

டிரைவர் கண்ணைத் திறந்தார்.

"ஆளு வந்தாலும் சரி, வராட்டாலும் சரி, தட்டு தட்டுதான்னு சொன்னது யாருப்பா? நானுந்தான் கை தூக்குனேன். அன்னைக்குக் கையில சுளுக்கு வேற."

"மீன் வாங்கியாச்சு" என்றேன். "அவள் நாகர்கோவிலில் இருப்பது மீனுக்குத் தெரியுமா?"

அவன் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். கோர்ட்டில் பார்த்திருப்பான், இதே மாதிரி. ஆனால் இங்கே யாரும் அவனைச் சோறு போடாதவன் என்று சொல்லவில்லை. அவன் போட்ட சட்டத்தை அவனிடமே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான். அதை மீறினால் முதல்முறையாக மெஸ்ஸுக்குப் பாக்கி வைத்தவன் ஆகிவிடுவான். அவன் முகத்தில் அந்தக் கணக்கு ஓடுவது தெரிந்தது.

அப்போது தகரக் கட்டிலில் உட்கார்ந்திருந்த ஒருவன், நல்ல எண்ணத்தில்தான், சொன்னான்: "சின்னப் புள்ளதானே. அரைத் தட்டுன்னு வச்சுக்கலாமே."

மெக்கானிக் சட்டென்று திரும்பினான்.

"அரையா? எனக்க பிள்ளைக்கு அரைத் தட்டா? லேய், அது நெத்திலிக் குழம்பு இருந்தா மூணு தடவ சோறு வாங்கித் திங்கும். முழுத் தட்டு போடுங்க அண்ணாச்சி. முழுசு!"

டிரைவர் இரண்டு கையையும் தூக்கினார். சுளுக்கு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எல்லோரும் தூக்கினார்கள். அன்று மீன் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

மீதி விஷயங்கள் நிர்வாகம். என் துறை. கோர்ட் சொன்ன தொகையும் எங்கள் ஒரு தட்டின் விலையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. அந்த நீதிபதியும் ஒரு காலத்தில் கராமாவில் மெஸ் நடத்தியிருப்பாரோ என்று சந்தேகம். குடிக்கிற அண்ணனின் கைக்குப் போகாதபடி தாய், மகள் இருவர் பெயரிலும் பேங்கில் கணக்குத் தொடங்கச் சொன்னேன். மெக்கானிக் தன் தட்டுக்கும் மகள் தட்டுக்குமாக என் தலையணையில் பணம் வைப்பான். மகள் தட்டை நான் ஊருக்குப் பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்சில் கட்டுவேன். எனக்குக் கமிஷன் கிடையாது. செக்ரட்டரி பதவியே கௌரவப் பதவி. அதில் கௌரவமும் கிடையாது.

முதல் பணம் மே மாதத்திலேயே போய்ச் சேர்ந்தது. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த நாள் சாயங்காலம் தொலைபேசி அடித்தது.

"அண்ணே, பிள்ள எனக்க கூடத்தான் இருக்கு. பள்ளிக்கூடம் போய்ட்டு வந்துட்டு. குவைத்துக்குப் போகலன்னு ஏஜெண்டுட்ட சொல்லிட்டேன். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த போட்டோ இருந்துல்லா, அதைத்தான் பேங்குக்குக் கொடுத்தேன். வீணாப் போகல்ல."

இந்தமுறை அவள் குரல் தையல் கடைக் குரலாக இல்லை. என்னால் "பார்க்கிறேம்மா" என்றும் சொல்லமுடியவில்லை, பார்த்தாயிற்று.

"அவிய இருந்தா பிள்ள பேசணும்ங்குது."

அவன் அன்று டியூட்டி முடிந்து வந்திருந்தான். ரிசீவரை நீட்டினேன். அறையில் அத்தனை பேருக்கும் திடீரென்று வேலை வந்துவிட்டது: ஒருவர் சட்டை மடித்தார், ஒருவர் ஏற்கெனவே மடித்த சட்டையைப் பிரித்து மடித்தார். காதுகள் மட்டும் ஓரிடத்தில் இருந்தன. அந்தக் காலத்து ரிசீவர்களில் மறுமுனைக் குரல் வெளியில் நன்றாகவே கேட்கும்.

"அப்பா, எனக்கு அங்க தட்டு இருக்காமே? அம்மா சொன்னா."

"ஆமா மக்கா. இருக்கு."

"இன்னைக்கு எனக்கு என்ன கறி?"

அவன் கோர்ட்டில் சாட்சி சொல்கிறவன் மாதிரி நிமிர்ந்து நின்று, "சாம்பாரு. முட்டை பொரியல். வெள்ளிக்கிழமை நெய்மீன்" என்று ஒப்பித்தான். அன்றைக்குச் சாம்பாரில் உப்பு இல்லை என்பதை மறைத்துவிட்டான். சமைத்தது நான்.

வசூல்காரர் ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். பணம் போகிறது என்று எப்படியோ கேள்விப்பட்டுத் தன் மூன்றில் ஒரு பங்கைக் கேட்க வந்திருந்தார். மெக்கானிக் அவரை வாசலிலேயே வரவேற்றான். "உள்ள வாங்கண்ணே. மீன் இருக்கு. இந்த மாசம் ஒங்க தட்ட ஒங்க பேருலயே சொல்லிரட்டா?" அவர் தலையிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, முதல்முறையாக எங்களை ஒழுங்காகப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு வரவில்லை.

அவன் மனைவி அப்போதே ஊரிலிருந்து முறையாக எழுதிக் கேட்டிருந்ததால் அரசாங்கக் கடிதமும் வந்தது. நான் அவர்களைக் குறைத்துச் சொல்லமாட்டேன், சொன்னபடி போட்டார்கள். கம்பெனியின் போஸ்ட் பாக்ஸுக்கு வந்து சேர்ந்தபோது மகள் ஆறாம் வகுப்பு முடித்திருந்தாள். மெக்கானிக் இஸ்திரி போட்ட சட்டையோடு, எக்ஸ்சேஞ்ச் ரசீதுகளை எடுத்துக்கொண்டு போனான். அதே பண்பான மனிதர்தான் கவுன்டரில் இருந்தாராம்.

"எல்லா மாசமும் கட்டியிருக்கீங்களே! யார் மூலமா செட்டில் ஆச்சு?"

"மெஸ்ஸு சார்."

அதைப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவர் வெகுநேரம் யோசித்தாராம்.

என் கர்வத்துக்கு உண்மையான காரணத்தை இன்னும் சொல்லவில்லை. கோர்ட் ஒரு தொகையைச் சொன்னால் சொன்னதுதான். விலைவாசி ஏறிவிட்டது, கூட்டிக் கொடுங்கள் என்று கேட்க வேண்டுமானால் மறுபடி மனு, மறுபடி வக்கீல், மறுபடி கோர்ட் வாசல் மரத்தடியில் காத்திருக்கவேண்டும். எங்கள் ஏற்பாட்டில் அந்தத் தொல்லை இல்லை. கராமா மார்க்கெட்டில் மீன் விலை ஏறினால் தட்டின் விலை ஏறும். தட்டின் விலை ஏறினால் நாகர்கோவிலில் அந்தச் சிறுமியின் பணம் ஏறும். இப்படி ஒரு யோசனை அந்தக் கட்டுரையாளருக்கு வரவில்லை. எனக்கும் வரவில்லை, அது தானாக நடந்தது. ஆனால் செக்ரட்டரி நான்.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னதும் அவள்தான். தொலைபேசியில் அப்பாவிடம் பள்ளிக்கூடக் கதை எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் மறக்காமல் கேட்பாள்:

"அப்பா, அங்க மீன் விலை கூடிச்சா?"

"கூடிப் போச்சு மக்கா."

"நல்லது!" என்பாள், அறை முழுக்கக் கேட்கும்படி.